சிக்னலில் நின்றால் காருக்குள் புகை வாடை அடிக்கிறதா?

டீசல் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றதும் ஏசி காற்றோடு லேசாகப் புகை வாடை வரும். முன்னால் நிற்கிற பஸ்ஸின் மேல் பழியைப் போட்டுவிடுவோம். பஸ் போன பிறகும் வாடை போகவில்லையென்றால் பானட்டைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. ஏசிக்கு வெளிக்காற்று நுழையும் வழி முன்கண்ணாடியின் அடியில்தான் இருக்கிறது. எஞ்சின் பக்கம் கசிகிற புகையை ஓடும்போது எதிர்க்காற்று அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் அது நேரே உள்ளே வரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. குழந்தையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளக் கூடாது.

இப்படி வரும் வண்டிகளில் நான் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது இஜிஆர் பைப்பைத்தான். எஞ்சின் தள்ளும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புகிற பைப் அது. புகை கலந்த காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் சிலிண்டருக்குள் எரியும் சூடு தணியும், நைட்ரஜன் ஆக்சைடு உண்டாவதும் குறையும். டீசல் கார்களுக்கு பிஎஸ்4 என்ற இந்திய மாசு விதியில் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் வரை இருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, 2020-இல் பிஎஸ்6 வந்தபோது 0.08 கிராமாக இறங்கியது.

பல வண்டிகளில் இந்தப் பைப்பில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு பகுதி இருக்கும். பெல்லோஸ் என்போம். சூட்டில் பைப் நீள்வதையும் எஞ்சின் அதிர்வதையும் அதுதான் தாங்குகிறது. விரிசலும் பெரும்பாலும் அங்கேதான் விழும், அல்லது போல்ட் போட்டு இறுக்கும் முனைத் தகடான ஃபிளாஞ்சை ஒட்டிய வெல்டிங்கில். பக்கத்துத் தகட்டில் விசிறி போலக் கரி படிந்திருந்தால் அந்த விசிறியின் காம்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் ஓட்டை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் "டிக் டிக்" என்று கேட்டு, சூடேறியதும் அடங்குகிற சத்தமும் ஓர் அடையாளம். இரும்பு விரிந்து விரிசலைக் கொஞ்சம் மூடிக்கொள்கிறது, சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். பிக்கப்பும் குறையும். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போவைச் சுற்ற வேண்டிய புகை வழியிலேயே போய்விடுகிறதே!

ஸ்கேனரில் பி0401 என்ற பிழைக் குறியீடு காட்டினால் உடனே, திரும்பும் புகையின் அளவைக் கட்டுப்படுத்தும் இஜிஆர் வால்வை மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. 'புகை போதிய அளவு திரும்பவில்லை' என்பது மட்டும்தான் அந்தக் குறியீடு சொல்லும் சேதி. வால்வில் கரி அடைத்திருந்தாலும் அது வரும், பைப் வெடித்திருந்தாலும் வரும். வால்வுக்குப் பணம் கட்டும் முன் பைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர்க் குழாய்க்கு அப்புகிற பசையை இதில் அப்பிக்கொண்டு வருகிறார்கள். பல நூறு டிகிரி சூட்டில் அது கருகி உதிர்ந்துவிடும். ஃபிளாஞ்ச் வெல்டிங் விட்டிருந்தால் ஆர்கான் வெல்டிங்கில் சரிசெய்யலாம். பெல்லோஸ் கிழிந்திருந்தால் பைப்பையே மாற்ற வேண்டியதுதான். அந்த மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்தால் மடிப்பு விறைத்துப்போய் பக்கத்து மடிப்பில் விரியும்.

புதுப் பைப் போட்ட கொஞ்ச நாளிலேயே மறுபடி உடைந்து ஒரு கால் டாக்ஸி வந்தது. பைப் மேல் குற்றமில்லை. அதைத் தாங்கும் கிளாம்ப்பின் இடத்தில் வெறும் போல்ட் ஓட்டை, அதற்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு மண் அடைத்துக் கிடந்தது. எப்போதோ கழற்றியவர் திரும்ப மாட்டவில்லை. போதாக்குறைக்கு எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரும் கிழிந்திருந்தது. வண்டி ஆடுகிற ஆட்டம் முழுவதையும் அந்தப் பைப் தனியாகத் தாங்கியிருக்கிறது. பைப் உடைந்தால் மவுண்ட்டையும் கிளாம்ப்பையும் பார்க்காமல் பில் போடக் கூடாது என்பது என் கட்சி.

மாட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. துருப்பிடித்த ஸ்டட்டுக்கு (தலையில்லாத போல்ட்) முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு முறித்தால் டிரில் போட்டு எடுக்கும் வேலை பைப் வேலையை விடப் பெரிது. இணைப்பு கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கெட் இரண்டு முனையிலும் புதிதாகவே இருக்கட்டும். எல்லா போல்ட்டையும் கையால் பிடித்துவிட்டு, பைப் இழுபடாமல் தானாக உட்கார்ந்த பிறகே டார்க் ரெஞ்ச் வைத்து அளவாக முறுக்க வேண்டும். ஒரு முனையை முதலிலேயே இறுக்கிவிட்டு மறுமுனையை இழுத்துப் பிடித்தால் பெல்லோஸ் முறுக்கிக்கொண்டே நிற்கும்.

"அண்ணே, இஜிஆர் பைப்பை ஒரு தகடு வெச்சு அடைச்சு டம்மி பண்ணிடுங்க, புகைப் பரிசோதனையில பாஸாகுதே" என்று டிரைவர்கள் கேட்பார்கள். பாஸாகும்தான். டீசலுக்கு அங்கே பார்ப்பது புகையின் கருமையை மட்டும், நைட்ரஜன் ஆக்சைடை யாரும் அளப்பதில்லை. ஆனால் பிஎஸ்6 வண்டியில் டம்மி வைத்தால் எஞ்சின் லைட் எரியும், எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போய் வண்டி இழுக்காமலும் போகலாம். நான் வைத்துத் தருவதில்லை.

பைப் நன்றாக இருந்து, வெளியே ஒழுகலும் இல்லாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்து, வெள்ளைப் புகையும் தெரிந்தால் திரும்பும் புகையைக் கூலண்டால் குளிரவைக்கும் இஜிஆர் கூலர் உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள். கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.