தங்கச்சி தரும் நூல்

மாமரம் ஏறிப் பழகியவர்களுக்கு முசுறு எறும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பச்சை இலைகளை ஒட்டிப் பந்துபோல் கட்டிய கூட்டில் கை பட்டுவிட்டால் போதும், கழுத்து வரை ஏறிவிடும். கடித்தவுடனே வயிற்றை வளைத்துக் காயத்தில் பார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும். சங்கப் புலவர்கள் முயிறு என்றது இதைத்தான். நம் முசுறுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. பெயர் ஈகோஃபில்லா லாங்கினோடா. மேற்கே செனகலில் தொடங்கி, கானா, கேமரூன், காங்கோ காடுகள் வழியாகக் கிழக்கே கென்யா, தான்சானியா கடற்கரை வரை மரங்களின் உச்சியில் வாழ்கிறது.

முசுறைப் போலவே இந்த எறும்பும் இலைகளைப் பட்டு நூலால் இணைத்துக் கூடு கட்டும். ஆனால் வளர்ந்த எறும்பால் அந்த நூலைச் சுரக்க முடியாது. அப்படியானால் நூல் எங்கிருந்து வருகிறது?

முதலில் இலையை வளைக்க வேண்டும். சில எறும்புகள் இலை விளிம்பைக் கவ்வி ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்க்கும். எங்கே இலை கொஞ்சம் மடிந்து கொடுக்கிறதோ, அங்கே மற்றவையும் வந்து சேர்ந்துகொள்ளும். மேஸ்திரி என்று யாரும் கிடையாது. பக்கத்து இலை எட்டாத தூரத்தில் இருந்தால், ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இடைவெளியைத் தாண்டும். நம் ஊர் முசுறை வைத்து 2025-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த இழுவையை அளந்திருக்கிறார்கள். மனிதர்கள் கயிறு இழுக்கும்போது ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் போடும் பலம் குறையும். முசுறில் நேர்மாறு: கூட்டம் பெரிதாகும்போது ஒவ்வொரு எறும்பின் இழுவையும் கூடுகிறது. பின்னால் நிற்பவை காலை ஊன்றி, இழுத்த இழுப்பு நழுவாமல் பிடித்துக்கொள்வதுதான் காரணம் என்கிறார்கள்.

சரி, இலைகள் நெருங்கிவிட்டன. இனி ஒட்ட வேண்டும். இப்போது வேறு சில வேலைக்காரி எறும்புகள் பழைய கூட்டுக்குப் போய், முழு வளர்ச்சியை எட்டிய புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு வரும். இந்தப் புழு யார்? அதே ராணியின் குழந்தை. வேலைக்காரிக்குத் தங்கச்சி முறை. அக்கா அவளை இடுப்பில் பிடித்துத் தலையை இலை விளிம்பில் வைத்து, தன் உணர்கொம்புகளால் தட்டுவாள். உடனே புழு தன் வாயருகிலிருந்து நூலை விடும். அக்கா அப்படியே அவளை எதிர் விளிம்புக்குக் கொண்டுபோய் மறுபடி வைப்பாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறி மாறிப் போகும் இந்தத் தறியில் நாடாவும் நூற்கண்டும் ஒரே புழுதான். அது நெளிவதில்லை, விறைத்தபடி கிடக்கும். கொஞ்ச நேரத்தில் இலைகளுக்கு நடுவே வெள்ளைத் துணிபோல் ஒரு திரை உருவாகிவிடும்.

இதை நம் முசுறில் கவனித்து 1890-இல் எழுதியவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி. ரப்பர் மரத்தைப் பரப்பிய அதே ரிட்லிதான்.

எனக்கு வியப்பாக இருப்பது வேறொரு விஷயம். அந்த நூல் புழுவுக்கே உரிய சொத்து. பல எறும்பு இனங்களில் புழு தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு கட்டிக்கொண்டு அதற்குள்தான் உருமாறும். இந்த எறும்பின் புழு இருக்கும் நூலை எல்லாம் வீட்டுச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, போர்வையில்லாமல் வெறும் உடம்போடு கூட்டுப்புழுவாகிறது. இந்த வம்சமும் புதியதல்ல. விக்டோரியா ஏரியில் உள்ள இம்ஃபங்கானோ தீவில் கிடைத்து, 1964-இல் விவரிக்கப்பட்ட, கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய மயோசீன் காலப் புதைபடிவத்தில் ஒரு குடும்பமே கல்லாகியிருக்கிறது. இன்றைய இனத்தைப் போலவே பெரிய வேலைக்காரி, சின்ன வேலைக்காரி என்று இரண்டு அளவு அதிலும் உண்டு. சின்னவர்கள் கூட்டுக்குள் குழந்தைகளைப் பார்ப்பார்கள். வெளிவேலையும் சண்டையும் பெரியவர்களுக்கு.

ஒரே ராணி, ஆனால் வீடு ஒன்றல்ல. 1950-களில் சான்சிபார் தீவின் கிராம்புத் தோட்டங்களில் பூச்சியியலாளர் மைக்கேல் வே ஆராய்ந்தபோது, ஒரே குடும்பம் நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகளில் பரவி, ஐந்து லட்சத்தை நெருங்கிய எண்ணிக்கையில் இருந்ததைக் கண்டார். இத்தனை பேர் பல மரங்களில் சிதறி வாழ்ந்தும் ஒரு குடும்பமாக இயங்குவது வாசனையால்தான். தாடைச் சுரப்பியிலிருந்து வரும் கலவையில் ஹெக்சனால் என்ற பொருள் வேகமாகப் பரவி 'உஷார்' என்கிறது. (வெட்டிய புல்லின் வாடை அதற்கு.) ஹெக்சனோல் என்ற இன்னொரு பொருள் 'இங்கே வா' என்று இழுக்கிறது. சீக்கிரம் ஆவியாகாத வேறு இரண்டு பொருள்கள் எதிரியின் உடம்பிலேயே தங்கி, 'இதைக் கடி' என்று அடையாளம் காட்டுகின்றன.

எல்லைக்கு வேறு முறை. மலத்துளிகளை இட்டுத் தன் இடத்தைக் குறிக்கும். எறும்பு ஆய்வாளர்கள் ஹோல்டாப்ளரும் வில்சனும் 1977-இல் காட்டியதுபோல், அந்த வாடை குடும்பத்துக்குக் குடும்பம் வேறு. தன் வாடை உள்ள தரையில் சண்டை நடந்தால் அந்தக் குடும்பத்தின் கை ஓங்குகிறது. எல்லைக் கூடுகளில் காவல் நிற்பவை பெரும்பாலும் வயதான எறும்புகள். குழந்தை வளர்த்து முடித்த பிறகு ராணுவத்துக்குப் போகிற கதை.

இந்த வாடையால் விவசாயிக்கும் லாபம் உண்டு. மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினின் மாந்தோப்புகளில் பால் வான் மேல் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த எறும்பு நிறைந்த மரங்களில் பழ ஈயின் சேதம் குறைவு என்று தெரிந்தது. எறும்பு ஈயைப் பிடித்துத் தின்பது ஒரு பக்கம். எறும்பு நடந்துபோன பழத்தில் முட்டையிடவே ஈ தயங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைத் தென்னைகளில் குரும்பையை உதிரச் செய்யும் ஒரு நாவாய்ப்பூச்சியையும் இதே எறும்பு அடக்கிவைக்கிறது. அந்தப் பூச்சியின் அறிவியல் பெயரில் 'வேயி' என்று வருவது மேலே சொன்ன மைக்கேல் வேயின் பெயர்தான். ஆனால் பெருந்தலை எறும்பு என்ற போட்டி இனம் தரையிலிருந்து ஏறி முசுறின் சொந்தத்தை விரட்டிவிட்டால், பூச்சிக்குக் கொண்டாட்டம்.

அறுவடை நாளில் மட்டும் எல்லாரும் இதைத் திட்டுவார்கள். பழம் பறிப்பவர் கையிலும் காலிலும் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொண்டு மரம் ஏறுகிறார்.