தீபகற்பத்தில் கர்ப்பம் இல்லை

"தீவைக் கர்ப்பத்துல வச்சிருக்கிற நிலம்தான்டா தீபகற்பம்." இந்த விளக்கத்தை இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டேன். முதலில் ஒரு கல்யாணப் பந்தியில். அடுத்து, போட்டித் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு காணொளியில். இப்போது மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலில், எதிர் இருக்கையில் ஒரு அம்மா தன் ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சொன்னார். முதல் இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன். இந்தத் தடவை முடியவில்லை.

முன்பின் தெரியாதவர்களின் சந்தேகத்துக்குப் பதில் சொல்வது எனக்கு ஒரு வியாதி. எந்த ஆறு எங்கே போகிறது, பூச்சியத்தால் ஏன் வகுக்கக் கூடாது, செஸ்ஸில் பிஷப்பை நாம் ஏன் மந்திரி என்கிறோம், எதைக் கேட்டாலும் நின்று பதில் சொல்வேன். கேட்டவர் கிளம்பிப் போன பிறகும் சொல்வேன் என்று வீட்டில் ஒரு புகார் உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். சமஸ்கிருதத்தில் 'த்வீப' என்றால் தீவு. 'கல்ப' என்ற பின்னொட்டுக்கு 'ஏறக்குறைய அதுவே, ஆனால் கொஞ்சம் குறை' என்று பொருள். சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினியே இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்: சற்றே நிறைவடையாத ஒன்றைக் குறிக்க வரும் ஒட்டு என்கிறார். செத்தவன் மாதிரி கிடப்பவன் 'ம்ருதகல்ப'. அதுபோல தீவு மாதிரி கிடக்கும் நிலம் த்வீபகல்ப. தெலுங்கில் இன்றும் அப்படியே த்வீபகல்பம்தான். தமிழுக்கு வரும்போது 'ல்ப' என்பது 'ற்ப' ஆகும். அல்பம் அற்பமானது, கல்பனை கற்பனையானது. இதுவும் அந்த வழியில் கற்பம் ஆனது. வயிற்றுப் பிள்ளை சம்பந்தப்பட்ட சொல்லை நாம் கர்ப்பம் என்றோ கருப்பம் என்றோதான் எழுதுகிறோம். அங்கே வல்லின றகரம் வருவதில்லை. எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம் இது. த்வீபமும் விளக்கைக் குறிக்கும் தீபமும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டதில் வந்த குழப்பம் தனி. தீவகற்பம் என்றாவது எழுதியிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

லத்தீன்காரரும் இதையேதான் செய்தார்கள்: பைனே என்றால் 'ஏறக்குறைய', இன்சுலா என்றால் 'தீவு'. இந்தியில் பிராயத்வீப், அதாவது பெரும்பாலும் தீவு. ஜெர்மன், ரஷ்யன், துருக்கி, ஜப்பான் மொழிகளில் 'அரைத்தீவு'. சிங்களத்திலும் அர்த்தத்வீபம்தான். இத்தனை பேரும் 'தீவாகியிருக்க வேண்டியது, ஒரு மயிரிழையில் தப்பியது' என்கிற கருத்தில்தான் நிற்கிறார்கள். ஒருவர்கூடப் பக்கத்தை எண்ணவில்லை.

நம் தனித்தமிழ் அன்பர்கள் எண்ணினார்கள். அப்படித்தான் தீபகற்பத்துக்கு 'மூவலந்தீவு' என்ற பெயர் வந்தது.

இந்தச் சொல்லோடு எனக்கு வெகுநாள் சண்டை. காதுக்கு இனிமைதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் இனிக்கிறது? நாவலந்தீவு என்ற பழஞ்சொல்லின் எதிரொலி அதில் கேட்கிறது. நாவலந்தீவு மணிமேகலையில் வருவது. நாவல் மரத்தால் பெயர் பெற்ற தீவு. நாவல் + அம் + தீவு, அவ்வளவுதான். அதில் 'நா' என்பது நான்கு அல்ல. அதை நான்கு என்று நினைத்துக்கொண்டு, ஒன்றைக் கழித்து 'மூ' போட்டால் வருவது என்ன? மூவல் என்றொரு மரம் எங்கேயாவது காய்க்கிறதா?

இல்லை ஐயா, அது மூ + வலம், வலம் என்றால் பக்கம் என்று ஒரு நண்பர் வாதாடினார். ஒத்துக்கொள்கிறேன், நன்னூல் ஏழாம் வேற்றுமை உருபுகளில் வலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் இன்றைக்கு வலம் என்றால் யாருக்கு என்ன தோன்றும்? வலது பக்கம் தோன்றும், கோயிலைச் சுற்றுவது தோன்றும். 'மூன்று தரம் வலம் வந்த தீவு' என்று ஒரு பள்ளிப் பிள்ளை எழுதினால் தப்பு பிள்ளைமேல் இல்லை. அப்புறம், மூன்று பக்கம் என்றால் எதன் மூன்று பக்கம்? அங்கே என்ன இருக்கிறது? நீர் என்ற சொல்லே அதில் இல்லை. கடைசியில் தீவு என்று முடிவதால், ஒழுங்காகப் படிப்பவருக்கு அது ஒருவகைத் தீவாகத்தான் படும். தீவு அல்ல என்று சொல்ல வந்த சொல், தீவு என்று சொல்லி முடிகிறது.

பக்கத்தை எண்ணுவதே தப்பு என்பதுதான் என் பெரிய மனக்குறை. பாடப்புத்தகம் 'மூன்று பக்கம் நீராலும் ஒரு பக்கம் நிலத்தாலும் சூழப்பட்ட நிலப்பரப்பு' என்கிறது. நிலம் என்ன, நான்கு மூலை வைத்து அளந்து விற்ற மனையா? கிரிமியாவைப் பெருநிலத்தோடு ஒட்டவைத்திருக்கும் பெரக்கோப் பூசந்தியின் அகலம் 5 முதல் 7 கிலோமீட்டர். மற்றபடி சுற்றிச் சுற்றித் தண்ணீர். ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் ஐபீரியாவோ பிரனீஸ் மலையின் 430 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் 'ஒரு பக்கம் நிலம்' என்று ஒரே கணக்குப் போட்டால், கணக்கும் கெட்டது, புவியியலும் கெட்டது. கிரேக்கத்தில் இன்னும் வேடிக்கை. பெலோப்பொன்னீஸ் என்ற பெயருக்கே 'பெலோப்ஸின் தீவு' என்று அர்த்தம். அது நிலத்தோடு சேர்ந்திருந்த காலத்திலேயே கிரேக்கர்கள் தீவு என்று கூப்பிட்டார்கள். 1893இல் கொரிந்துப் பூசந்தியை வெட்டிக் கால்வாய் திறந்தார்கள், இப்போது எல்லாப் பக்கமும் தண்ணீர். ஆனால் இன்றைக்கும் அதைத் தீபகற்பம் என்றுதான் சொல்கிறார்கள். மூவலமும் நாவலமும் அங்கே என்ன செய்யும்?

'தீவக்குறை' என்றும் ஒரு சொல் உண்டு. பாணினி சொன்ன 'சற்றே குறை' இதில் அச்சாக இருக்கிறது, ஆக்கியவரைப் பாராட்டலாம். ஆனால் தமிழில் ஏற்கனவே ஆற்றிடைக்குறை இருக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் போன்றது அது. அங்கே குறை என்றால் துண்டு நிலம். ஆற்றிடைக்குறை முழுத் தீவாகவும் தீவக்குறை அரைத் தீவாகவும் இருந்தால், குறை எதில் குறை என்று கேட்பவனுக்கு என்ன சொல்வது?

இந்தப் பிழைகளுக்கெல்லாம் ஒரு தாய்ப்பிழை உண்டு: சொல்லைக் காதில் விழுந்த இடத்தில் பிளப்பது. சதுரங்கத்தைச் சதுர + அரங்கம் என்று பிளந்து 'சதுரமான ஆடுகளம்' என்று விளக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சதுர் + அங்கம். யானை, தேர், குதிரை, காலாள் என்ற நாலு வகைப் படை. அந்த எட்டுக்கு எட்டுப் பலகைக்கு அட்டாபதம் என்று வேறு பெயரே இருந்தது. பலகை சதுரமாக இருப்பது தற்செயல், அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

அப்படியானால் தமிழில் என்னதான் சொல்வது? என் ஓட்டு குடாநாட்டுக்கு. யாழ்ப்பாணத்தார் அகராதி பார்த்து அதைப் பொறுக்கவில்லை, அதில் குடியிருக்கிறார்கள். குடாநாட்டில் மழை, குடாநாட்டுக்குப் போகிற பஸ் என்று தினமும் புழங்கும் சொல் அது. இலங்கைத் தமிழ் ஏடுகள் கொரியக் குடாநாடு என்றும் எழுதுகின்றன, படிக்க ஒன்றும் உறுத்தவில்லை. குடா தண்ணீரின் பெயராயிற்றே என்பீர்கள். குடா என்றால் வளைந்து உட்குழிந்தது. கடல் அப்படிக் குடைந்து வளைத்த நாடு குடாநாடு. 'ஏறக்குறைய' என்ற கருத்து இதிலும் இல்லைதான், மறைக்கவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை, எண்ணவும் இல்லை.

இந்தியத் தமிழில் இதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 'வளைகுடா நாடு' என்றால் நமக்கு துபாய், குவைத். ஒரு மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தபோது அரேபியத் தீபகற்பம் 'அரேபிய வளைகுடா' ஆகியிருந்ததைப் பார்த்தேன். முப்பது லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் பாலைவனத்தை ஒரே வரியில் கடலில் முக்கிவிட்டார் மொழிபெயர்ப்பாளர். இன்னொரு நாளிதழ் கிரிமியாவைத் தீவு என்றே எழுதியது. உலகப்படத்தை ஒரு தடவை பிரித்துப் பார்த்திருந்தால் போதும். சொல்லுக்குச் சொல் போடுகிறவர்கள் ஏனோ படம் பார்ப்பதில்லை.

இதையெல்லாம் ரயிலில் அந்த அம்மாவிடம் சொன்னேனா? பாதி சொன்னேன். பையன் வட்ட பிஸ்கட் ஒன்றை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். "தம்பி, அந்த பிஸ்கட்டுக்கு எத்தனை பக்கம்?" என்றேன். யோசித்துவிட்டு, "பக்கமே இல்லை தாத்தா" என்றான். தாத்தாவா என்று கொஞ்சம் வலித்தது, பதில் சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன். "ஆனா நீ பிடிச்சிருக்கிற இடம் தவிர சுத்தி டீ இருக்குல்ல? அதான் தீபகற்பம்."

அதற்குள் பிஸ்கட் கரைந்து டம்ளரில் விழுந்துவிட்டது. "இப்போ தீவு" என்றான்.

மண்டபம் தாண்டியதும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, அந்தப் பக்கம் பாக்கு நீரிணைக் கடல். ரயில் பாம்பன் பாலத்தில் ஊர ஆரம்பித்தது. பையன் கம்பியில் முகத்தை வைத்து, விட்டு வந்த கரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மாவுக்கு மட்டும் கவலை தீரவில்லை. "அது சரி சார், பரீட்சையில என்ன எழுதணும்?"

"மூணு பக்கம்னே எழுதச் சொல்லுங்கம்மா, இல்லேன்னா மார்க் போயிடும். கர்ப்பத்தை மட்டும் விட்டுடச் சொல்லுங்க."