ஒரே ஊசி, இரண்டு காது

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் ரேடியோ செட் போட்டவர். ஆம்ப்ளிஃபயரும் குழாய் ஸ்பீக்கரும் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. பரணில் இரண்டு தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள் மட்டும் மிச்சம். “பழைய சாமான்களை வைத்தே ரெக்கார்டு பிளேயர் செய்ய முடியுங்களா? அப்புறம் இன்னொரு சந்தேகமுங்க. தட்டில் இருப்பது ஒரே கோடு, ஓடுவது ஒரே ஊசி. ஸ்டீரியோவில் இடது வேறு, வலது வேறு என்று எப்படிங்க சத்தம் வருகிறது?”

செய்ய முடியுமா என்றால், தாராளமாக முடியும். பம்ப் கம்பெனியும் பவுண்டரியும் லேத் பட்டறையும் இருக்கும் கோவை வட்டாரத்தில் இது முடியாவிட்டால் வேறு எங்கேயும் முடியாது. ஆனால் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது இரண்டாவது கேள்விதான். முதலில் சாமான்களை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

ஒலி என்பது அதிர்வு, அது பள்ளிக்கூடப் பாடம். அந்த அதிர்வைக் கீறலாக்கி வைத்துவிட்டு, பிறகு கீறலில் ஊசியை ஓடவிட்டால் அதே அதிர்வு திரும்பி வரும். எடிசன் 1877-இல் உருளையில் சுற்றிய தகரத் தாளில் பதிவு செய்தபோது ஊசி மேலும் கீழுமாக ஆடியது. 1887-இல் காப்புரிமை கேட்ட எமில் பெர்லினரின் முறையில் ஊசி பக்கவாட்டில் ஆடியது. தட்டையான தட்டு அவர் வழியாக வந்ததுதான். மேல்-கீழ், இடம்-வலம் என்ற இந்த இரண்டு ஆட்டத்தையும் நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, சாமான்கள். அடித்தளத்துக்கு, சமையல் மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கிரானைட் துண்டு போதும். கனமாக இருந்தால் அது எளிதில் அதிராது. சுழலும் தட்டுக்கு 300 மி.மீ. விட்டத்தில் ஒரு அலுமினிய வட்டம் வேண்டும். 10 மி.மீ. கனம் இருந்தால் எடை 1.9 கிலோவுக்கு வரும். மோட்டார் கொஞ்சம் திணறினாலும் இந்த எடை ஓட்டத்தைச் சமன் செய்துவிடும்.

அச்சு விஷயத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். சுலபமாகச் சுற்றட்டும் என்று பால்ரஸ் போட்டுவிடுவார்கள். உள்ளே ஓடும் குண்டுகளின் கடகடப்பு தட்டு வழியாக ஏறி, ஊசிக்குப் போய், ஸ்பீக்கரில் ‘கும்’மென்ற உறுமலாகக் கேட்கும். ஊசி படிக்கும் மெல்லிய அசைவுகள் ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அந்த அளவில் பால்ரஸ் ஒரு மாவு மில். அதற்குப் பதிலாக, உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடினால் பம்புக்குப் போடும் கன்மெட்டல் புஷ் கிடைக்கும். அதில் அச்சை இறுக்கமில்லாமல், ஆட்டமுமில்லாமல் பொருத்தி, அடியில் ஒரே ஒரு சைக்கிள் குண்டை வைத்து, நாலு சொட்டு எண்ணெய் விடுங்கள். மொத்த எடையும் அந்த ஒரு புள்ளியில் நிற்கும். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல, ரிங் பிரேமில் கதிரின் நுனியும் எண்ணெய்க் கிண்ணத்துக்குள் இப்படித்தான் நின்று சுற்றும். அச்சின் மேல் நுனியை மட்டும் லேத்தில் கவனமாகக் கடையச் சொல்ல வேண்டும். எல்பி எனும் பெரிய வினைல் தட்டின் நடு ஓட்டை 7.24 மி.மீ. நுனி அதைவிடத் தடித்தால் தட்டு இறங்காது, ரொம்ப மெலிந்தால் தட்டு நடுவில் உட்காராது. நடுவில் உட்காராத தட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை சுருதி ஏறி இறங்கும். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும், அதாவது ஒரு சுற்று 1.8 வினாடி. சினிமாப் பாட்டில் இதைச் சிலர் கவனிக்காமல் விடலாம். நாகசுரத்தின் நீண்ட கார்வையில் யாருக்கும் தப்பாது.

மோட்டாருக்கு, செத்துப்போன டேப் ரெக்கார்டரில் இருக்கும் 12 வோல்ட் மோட்டாரே போதும். பெரும்பாலும் அதன் வேகம் நிமிடத்துக்கு 2,400 சுற்று. வேகம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் சர்க்யூட் அதற்குள்ளேயே இருக்கும், பின்பக்க ஓட்டையில் சின்ன ஸ்குரூ டிரைவரை விட்டு அதைக் கூட்டிக் குறைக்கலாம். அலுமினியத் தட்டின் விளிம்பையும் மோட்டாரின் கப்பியையும் நூலால் இணைத்தால் மீதி வெறும் வகுத்தல் கணக்கு. 33⅓ வேகத்துக்குக் கப்பியின் விட்டம் 4.17 மி.மீ., 45-க்கு 5.6, 78-க்கு 9.75. மூன்று படி உள்ள ஒரே கப்பியாகக் கடைந்துகொள்ளலாம். நூல் கனத்தால் வரும் சின்ன வித்தியாசத்தை ஸ்குரூவில் சரி செய்யுங்கள். நூலுக்கு எங்கேயும் அலைய வேண்டாம், திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓடும் பாலியஸ்டர் தையல் நூலே நன்றாக இழுக்கும். வேகம் சரியா என்று பார்க்க, தட்டில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வந்தால் அது 33⅓.

ஊசியைத் தாங்கும் கையை விரைவாகக் கடந்துவிடுகிறேன். பழைய டிவி ஆன்டெனாவின் அலுமினியக் குழாய், ஒரு முனையில் எடைக்குச் சில நட்டுகள், நடுவே கூர்முனையில் தாங்கல். அந்தத் தாங்கலிலிருந்து ஊசி வரை 230 மி.மீ. என்றால், ஊசி தட்டின் மையத்தைத் தாண்டி ஏறக்குறைய 18 மி.மீ. போக வேண்டும், தலைப்பகுதி 24 டிகிரி உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அப்படி வைத்தால் ஊசி எந்த இடத்திலும் பள்ளத்துக்கு ஏறக்குறைய நேராக நிற்கும்.

ஊசியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் பழைய கடையில் வாங்காதீர்கள். தாத்தாவின் பெட்டியில் அதே வேலையைச் செய்த பழைய பிக்அப் ஒன்று கிடந்தாலும் அது உயிரோடு இருக்காது. அக்காலத்துக் கிரிஸ்டல் பிக்அப்புகளுக்குள் இருந்தது ரோஷல் உப்பு. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று ழாக் கியூரியும் பியேர் கியூரியும் 1880-இல் கண்டுபிடித்தபோது சோதித்துப் பார்த்தவற்றில் இதுவும் ஒன்று. இந்த உப்பு டார்டாரிக் அமிலத்திலிருந்து வருவது. நம் புளிக்குப் புளிப்பு தருவதும் அதே அமிலம்தான். ரசத்தில் இருக்கும் சரக்கின் ஒன்றுவிட்ட சகோதரன் பாட்டைப் பாட வைத்தது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். ஆனால் அந்த உப்புக்கு ஈரமும் ஆகாது, வெயிலும் ஆகாது. 55 டிகிரி சூடு பட்டால் வீணாகிவிடும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுப் பரணில் இத்தனை வருடம் கிடந்தது பிழைத்திருக்கவா போகிறது? இப்போது வரும் செராமிக் கார்ட்ரிட்ஜ் இந்தத் தொல்லையெல்லாம் இல்லாதது. புதிதாகவே வாங்குங்கள். ஊசி அழுத்தத்தை 4, 5 கிராமுக்குள் வையுங்கள், நகைப் பட்டறைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். 5 கிராம்தானே என்று நினைக்க வேண்டாம். அது இறங்கும் இடம் அவ்வளவு சிறியது என்பதால், சதுர சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் டன் கணக்கில் வரும்.

இனி அந்த இரண்டாவது கேள்வி. ஸ்டீரியோ தட்டின் பள்ளத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் அது கோடு இல்லை, கீழ்பவானி வாய்க்கால் மாதிரி இரண்டு பக்கமும் சரிந்த கரை உள்ள ஒரு ஓடை. ஒவ்வொரு கரையும் தட்டின் மட்டத்துக்கு 45 டிகிரி சாய்வு. அதனால் இரண்டு கரைக்கும் நடுவே சரியாக 90 டிகிரி. தட்டின் மையத்தை ஒட்டிய கரையில் இடது காதுக்கான ஒலியும், விளிம்பை ஒட்டிய கரையில் வலது காதுக்கான ஒலியும் வெட்டப்பட்டிருக்கும். ஊசியின் உருண்டை முனை அடியைத் தொடாமல் இரண்டு கரைகளிலும் சாய்ந்தபடி ஓடும்.

இடது கரையில் ஒரு மேடு வருகிறது என்று வையுங்கள். அது ஊசியைத் தனக்கு நேர்குத்தான திசையில் தள்ளும். அந்தத் திசை எது? வலது கரையின் சரிவை ஒட்டியே மேலே ஏறும் திசை! ஊசி வலது கரையின் மேலேயே சறுக்கி ஏறுகிறது. அதைவிட்டு விலகவும் இல்லை, அதை நெருக்கவும் இல்லை. வலது கரையைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. வலது கரையில் மேடு வந்தால் இதே கதை மறுபக்கம். நம்பிக்கை வராவிட்டால் கொத்தனாரிடம் மூலைமட்டத்தைக் கடன் வாங்கி, அதன் உள்மூலையில் ஒரு நாணயத்தை இரண்டு சட்டத்தையும் தொடும்படி வையுங்கள். ஒரு சட்டத்திலிருந்து அதை நேராக விலக்கிப் பாருங்கள், மற்றச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே நகரும். 90 டிகிரியைத் தவிர வேறு எந்தக் கோணத்திலும் இது நடக்காது.

கார்ட்ரிட்ஜுக்குள்ளும் அதே வடிவம் தலைகீழாக இருக்கும். ஊசி பிடித்திருக்கும் தண்டின் மேல்முனையில் இரண்டு செராமிக் பட்டைகள், அவையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில். ஒரு பட்டை ஒரு கரையின் ஆட்டத்துக்கு மட்டும் வளையும், மற்றொன்று மற்றதற்கு. நடுவில் கணினி இல்லை, பிரித்தெடுக்கும் சர்க்யூட் இல்லை. பிரிக்கும் வேலை முழுவதும் ஒரு செங்கோணத்தின் பொறுப்பு.

இதைவிட அழகான இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. பாடகரின் குரல் பெரும்பாலும் இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும்படிதான் பதிவாகியிருக்கும். அப்போது ஒரு கரை உள்ளே வரும்போது மறுகரை அதே அளவு விலகும்படி வெட்டியிருப்பார்கள். ஊசி ஏறாமல் இறங்காமல் பக்கவாட்டில் மட்டும் ஆடும். அதாவது பெர்லினரின் ஆட்டம். இடதும் வலதும் வேறுபடும் இடத்தில்தான் ஊசி மேலும் கீழும் ஆடும், அது எடிசனின் ஆட்டம். இரண்டு பேருடைய முறையும் ஒரே பள்ளத்தில் கைகோத்துக்கொண்டுவிட்டன. பழைய ஒற்றை ஒலித் தட்டைப் புது ஸ்டீரியோ பிளேயரில் போட்டால் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒழுங்காகப் பாடுவது இதனால்தான். ஆலன் புளும்லைன் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் இதற்கு 1931-இலேயே காப்புரிமை கேட்டுவிட்டார். ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தது 1957, 58-இல். 1942-இல் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து அவர் இறந்துபோனார்.

தாத்தாவின் 78 வேகத் தட்டுகளுக்கும் இந்தக் கணக்கு உதவும். அவற்றில் பாட்டு பக்கவாட்டு ஆட்டத்தில் மட்டும்தான் இருக்கிறது. தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழுமாகவும் உலுக்கும். கார்ட்ரிட்ஜின் இடது, வலது வயர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் பக்கவாட்டு ஆட்டம் கூடும், மேல்-கீழ் ஆட்டம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். காசு செலவில்லாமல் இரைச்சலில் ஒரு பங்கு குறையும். ஊசி மட்டும் 78-க்கானதாக இருக்க வேண்டும். அதன் முனை ஏறக்குறைய 75 மைக்ரான், எல்பி ஊசி 18 மைக்ரான். சின்ன ஊசியைப் பெரிய பள்ளத்தில் விட்டால் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் படிக்கும். செராமிக்கில் இரண்டு ஊசியும் உள்ள, திருப்பிப் போடும் வகை உண்டு.

ஆம்ப்ளிஃபயருக்குப் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரே போதும், ஆனால் நேராகச் செருகினால் தவில் காணாமல் போய் ஜால்ரா மட்டும் கேட்கும். செராமிக்குக்கு 1 மெகா ஓம் அளவுக்கு உள்ளீட்டுத் தடை வேண்டும். இடையில் டிஎல்072 என்ற சின்ன ஆம்ப்ளிஃபயர் ஐசி ஒன்றைப் போட்டு அதைச் சரிக்கட்டலாம்.

ஒலி இனிக்கும் என்று நம்பிப் பணத்தையெல்லாம் வயரில் கொட்டும் ஒரு கூட்டமும் உண்டு. ஒரு மீட்டர் வயர் பல ஆயிரம், பிளேயர் அடியில் வைக்க ‘அதிர்வை உறிஞ்சும்’ கல் தனி விலை. ராகு காலத்தில் புது வேலை தொடங்க மாட்டேன் என்று சொல்லும் லேத்காரரிடம் எனக்கு அவ்வளவு கோபம் வருவதில்லை. அவருடைய நம்பிக்கைக்கு ஆகும் செலவு ஒன்றரை மணி நேரம்தான்.

கோபம் வருவது வேறு இடத்தில். நம் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு இன்ஜினியரிங் காலேஜ். கடைசி வருடப் பிராஜெக்ட்டைக் கடையில் ரெடிமேடாக வாங்கி, பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளை எத்தனையோ பார்த்துவிட்டேன். அவர்களைக் குறை சொல்லவில்லை, ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்க்கக்கூடப் பட்டறையில் காசு ஒதுக்குவதில்லையே. காசு ஒதுக்கினால் எங்கே பலன் வரும் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்ற துகள் இயற்பியலாளர், துகள்களின் தடங்களை அளக்கப் பழகிய கையோடு, ஊசி படாமல் தட்டைப் படம் பிடித்தே ஒலியை மீட்கும் முறையைக் கொண்டுவந்தார். உடைந்த தட்டுகூட அதில் பாடும். துகள் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியபோது பழைய பாட்டை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். “இதனால் உடனே என்ன பயன்?” என்று கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம், கேட்பார்களா தெரியாது.

தம்பிக்கு இன்னும் ஒன்று. பாட வைக்கும் முன் தட்டுகளைத் தரம் பிரியுங்கள். கனமாக, விளிம்பைத் தட்டினால் பீங்கான் போல ஒலிப்பவை 78-கள். அவை அரக்கும் கல்மாவும் கலந்து செய்தவை, கை தவறினால் சுக்குநூறுதான். லேசாக வளைந்துகொடுப்பவை வினைல். 78-ஐக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மிருதுவான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். நடுவில் இருக்கும் காகித லேபிள் நனையக்கூடாது, ஊறவும் போடக்கூடாது. நிழலில் உலர விடுங்கள். தச்சர் மேசைக்கு பாலீஷ் போடுவதற்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அதே அரக்குதான். வினைலுக்கு ஆல்கஹால் சிறிது கலந்த தண்ணீர் பாதகமில்லை. 78-இன் பக்கம் அந்தப் புட்டியைக் கொண்டுபோகவே வேண்டாம்.