"பாக்கலாம்" என்றே சொல்லும் ஹவுஸ் ஓனர்: ரிப்பேர் விஷயத்தில் குடியிருப்பவருக்கு என்ன உரிமை?

ரிப்பேர் செய்ய மாட்டேன் என்று எந்த ஹவுஸ் ஓனரும் நேரடியாகச் சொல்வதில்லை. "ஆள்கிட்ட சொல்லியிருக்கேன், வருவான்", "மழை நிக்கட்டும்", "பொங்கல் போகட்டும், பாக்கலாம்". அதற்குள் சமையலறைக் கூரையில் கையகலம் இருந்த ஓதம் முறம் அளவுக்கு விரிந்து, காரை பெயர்ந்து, கம்பி எட்டிப் பார்க்கும்.

தமிழ்நாட்டின் நகர்ப்புற வாடகை வீடுகளுக்கு இப்போது இருப்பது 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2019 பிப்ரவரியில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ரிப்பேர் பற்றிப் பேசுவது அதன் 15-ஆவது பிரிவு. யார் எதைச் செய்ய வேண்டும் என்பதற்குக் கடைசியில் ஓர் அட்டவணையும் உண்டு.

கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. (குடியிருப்பவர் உடைத்து வைத்தால் அது வேறு கதை.) டேப், வாஷர், ஸ்விட்ச், பிளக், கீசர், வாஷ்பேசின், பூட்டு, கொசுவலை, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை நம் தலையில். வாஷருக்கெல்லாம் ஓனருக்கு போன் போட்டுவிட்டு, பிறகு கூரை ஒழுகும்போது அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று வருத்தப்படுவதில் பயனில்லை. சின்னதை நாமே முடித்துவிட்டால் பெரியதைக் கேட்கும்போது வாயில் வலு இருக்கும். ஒப்பந்தத்தில் ரிப்பேர் பற்றித் தனியாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அவர் பொறுப்பில் உள்ளதை அவர் செய்யவில்லை. அப்போது நாமே ஆள் வைத்துச் செய்துவிட்டு, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது என்பதுதான் வரம்பு. வாடகை 12,000 ரூபாய், பைப் லைன் மாற்ற 15,000 ரூபாய் ஆனது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மாதம் 6,000, மூன்றாவது மாதம் 3,000 என்று கழிக்கலாம். கோபத்தில் வாடகையை மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மாத பாக்கி விழுந்தால், நோட்டீஸ் விட்டு, காலி செய்யச் சொல்லி வழக்குப் போட அவருக்குக் காரணம் கிடைத்துவிடும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வீட்டுக்காரர் 'மறுத்தால்' என்றுதான் இந்தப் பிரிவு ஆரம்பிக்கிறது. 'பாக்கலாம்' என்பது மறுப்பா? போனில் சொன்ன 'பாக்கலாம்'-ஐ எந்த அதிகாரியிடமும் காட்ட முடியாது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்சம் தெளிவு. அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் வீட்டுக்காரர் தான் செய்ய வேண்டிய பழுதைச் செய்யாமல் விட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு, வட்டியோடு வாடகையில் கழிக்கலாம் என்கிறது அதன் 108-ஆவது பிரிவு. ஆக, எல்லாம் அந்த அறிவிப்பில்தான் இருக்கிறது.

வக்கீல் தேவையில்லை. "ஐயா, சமையலறைக் கூரையில் ஜூன் 10 முதல் நீர் ஒழுகுகிறது. 12-ஆம் தேதி போனில் சொன்னேன். படம் இணைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் சரிசெய்து தாருங்கள். இல்லையென்றால் நானே செய்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்கிறேன்." இவ்வளவு போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையே ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள். வேலைக்கு முன் இரண்டு பேரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள்; பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கழிக்கும் மாதம் கணக்கையும் எழுதி அனுப்பிவிடுங்கள். என் அனுபவத்தில், 'பொங்கல் போகட்டும்' என்றவர் கடிதம் போய்ச் சேர்ந்த அடுத்த வாரமே கொத்தனாரோடு வந்து நின்றார்.

எழுதிக் கேட்டும் செய்யாமல், வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போய்விட்டால், 15 நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காலி செய்யலாம். வாடகை நீதிமன்றத்துக்கும் போகலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டியது ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்.

ரிப்பேர் கேட்ட கோபத்தில் மோட்டாரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது எல்லாம் நடக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட் போன்றவற்றை நிறுத்தக் கூடாது என்று இதே சட்டம் தடை போட்டிருக்கிறது. நிறுத்தினால் உங்கள் பகுதிக்கான வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர். விசாரணை முடியும்வரை காத்திருக்காமல், உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு உண்டு.

இவ்வளவுக்கும் அடிப்படை, அதே அதிகாரியிடம் பதிவு செய்த எழுத்து ஒப்பந்தம். "11 மாசத்துக்குத்தானே, பதிவு வேண்டாம்" என்பது சார்பதிவாளர் அலுவலகத்தை மனதில் வைத்துச் சொல்லும் பேச்சு. இந்தச் சட்டத்துக்குப் பொருந்தாது. பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு உரிமை கேட்கப் போனால் சிக்கல் வரும். tenancy என்று தொடங்கும் தமிழக அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பித்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளலாம். சாவி வாங்கும் அன்றே கூரை, குழாய், ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாவற்றையும் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பிவிடுங்கள். ஓதம் நீங்கள் வந்த பிறகுதான் வந்தது என்று அவரால் சொல்ல முடியாது.