ஓரினச்சேர்க்கையா, தன்பாலீர்ப்பா?

தர்மபுரியில் ஓர் இலக்கியக் கூட்டம். அமெரிக்கக் கவிஞர் ஏட்ரியன் ரிச்சைப் 'பெண் ஓரினச்சேர்க்கைக் கவிஞர்' என்று அறிமுகம் செய்தார்கள். இந்த 'ஓரினச்சேர்க்கை'யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அவர்கள் மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல் லெஸ்பியன். அது லெஸ்போஸ் என்ற கிரேக்கத் தீவின் பெயரால் வந்தது. பெண்கள்மீது கொண்ட காதலைப் பாடிய பழங்கிரேக்கப் பெண் கவிஞர் சாப்போவின் ஊர் அது. வேர் அவ்வளவுதான்.

'இனம்' எங்கே வந்தது? எங்கள் பக்கம் டீக்கடையில் புது ஆள் உட்கார்ந்தால் "நீங்க என்ன இனமுங்க?" என்பார்கள், கேட்பது சாதியை. அந்தக் கணக்கில் ஓரினச்சேர்க்கை என்றால் சொந்தச் சாதிக்குள் சம்பந்தம் செய்வது. அதை இங்கே யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள்! ஆணும் பெண்ணும் வேறு வேறு இனமா என்ன? ஆண்பால், பெண்பால் என்று தொல்காப்பியம் பிரித்து வைத்த 'பால்' கையில் இருக்க, இனத்தை ஏன் இழுக்க வேண்டும்? 'சேர்க்கை' இன்னும் மோசம். "பையன் சேர்க்கை சரியில்ல" என்கிற சேர்க்கை ஒன்று, கல்லூரி பேனரில் தொங்கும் மாணவர் சேர்க்கை ஒன்று. இவை போக மிஞ்சுவது படுக்கை மட்டுமே.

ரிச் படுக்கையோடு நின்றவரல்ல. 1976-இல் ஒரு பெண்மீதான காதலை இருபத்தொரு கவிதைகளாக எழுதினார். 1980-இல் வந்த கட்டுரையில், பெண்களுக்கிடையே உடலுறவே இல்லாத பிணைப்புகளையும் சேர்த்து ஒரே தொடர்ச்சியாகப் பார்த்தார். ஆண்-பெண் இணை பெண்கள்மேல் சுமத்தப்பட்ட ஓர் அமைப்பு என்றார். பெயரில்லாததற்குப் பெயர் கொடுப்பது கவிதை என்று இன்னொரு அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1977-லேயே எழுதியிருந்தார். ஆண்-பெண் என்ற வழக்கமான சட்டகத்துக்குள் அடங்காத பாலினம், ஈர்ப்பு பற்றிய சிந்தனைக்குக் 'குயர் கோட்பாடு' என்று ஆய்வாளர் தெரசா டி லாரெடிஸ் பெயர் வைத்தது 1990-இல்தான். அதே ஆண்டு வந்த தத்துவவாதி ஜூடித் பட்லரின் நூலும் ரிச்சின் கருத்தை எடுத்தாண்டது. இத்தனையையும் 'சேர்க்கை'க்குள் எப்படி அடைப்பது? 'தன்பாலீர்ப்பு' தாங்கும். ஈர்ப்பில் மனசுக்கும் இடமுண்டு.

குயருக்குப் 'பால்புதுமை' என்கிறார்கள். இதென்ன புதுசா என்று முறைக்கிறவர்கள் உண்டு. புதுமைக்கு வியப்பு, விநோதம் என்றும் பொருள். புனிதர் செய்த அற்புதத்தைக் கத்தோலிக்கர்கள் புதுமை என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் குயர் என்றாலும் விநோதம்தான்; ஒரு காலத்தில் தன்பாலீர்ப்பாளர்களை ஏசும் வசவு. அந்த உறைப்பு தமிழில் இறங்கவில்லை என்பது மட்டும் குறை.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒன்று: ரிச்சின் அந்த 1980 கட்டுரைத் தலைப்பில் வரும் 'கம்பல்சரி ஹெட்டரோசெக்ஷுவாலிட்டி'யைக் 'கட்டாய எதிர்பாலினச் சேர்க்கை' என்று போட்டுவிடாதீர்கள். ஏதோ இடஒதுக்கீட்டு அரசாணை போலிருக்கும். 'கட்டாய எதிர்பாலீர்ப்பு' போதும்.