துபாயில் கேட்கும் எதிரொலிக்குப் பென்னாகரத்தில் மருந்து

துபாயில் இருக்கும் மகன், பென்னாகரத்தை ஒட்டிய கிராமத்துக்குத் தரைவழி போனில் பேசுகிறான். "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் அவன் குரலே அவன் காதுக்குத் திரும்பி வருகிறது. அம்மாவுக்கோ எல்லாம் சுத்தமாகக் கேட்கிறது. அவன் துபாய்க்காரர்களைத் திட்டுவான். ஆனால் கோளாறு பெரும்பாலும் அம்மாவின் பக்கத்து எக்ஸ்சேஞ்சில், வீட்டு லைன் வந்து சேரும் ஒரு கார்டின் (மின்சுற்றுப் பலகையின்) ஓரத்தில் வரிசையாக நிற்கும் பொடி விசைகளில்தான் இருக்கும்.

வீட்டுக்கு வருவது இரண்டே செம்புக் கம்பி. போகும் பேச்சும் வரும் பேச்சும் அதிலேயே ஓடும். தொலைதூரத் தடத்தில் அப்படி விட முடியாது, போக ஒன்று, வர ஒன்று எனத் தனித்தனி வழி வேண்டும். இந்த இரண்டு அமைப்பும் சேரும் இடத்தில் ஹைப்ரிட் என்ற சுற்று உட்கார்ந்திருக்கிறது. வரும் குரலை வீட்டுக்கு மட்டும் விட்டு, திரும்பும் வழியில் ஒழுகாமல் தடுப்பது அதன் வேலை. அதற்காக மின்தடையும் மின்தேக்கியும் சேர்த்து, வீட்டு லைனைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு போலி லைனைக் கார்டிலேயே வைத்திருப்பார்கள். வரும் குரல் நிஜத்துக்கும் போலிக்கும் சமமாகப் பிரியும். இரண்டும் ஒத்திருந்தால் திரும்பும் வழியில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிடும். ஒத்திராவிட்டால் மிச்சம் ஒழுகும். பக்கத்தில் இருக்கும் தர்மபுரியிலிருந்து பேசினாலும் இதே ஒழுகல் உண்டு, ஆனால் உடனே திரும்பிவிடுவதால் காது அதைப் பிரித்துணராது. தாமதம் 25, 30 மில்லி விநாடியைத் தாண்டும்போதுதான் எதிரொலியாகத் தெரியும். வழியில் எதிரொலி நீக்கிகள் இருந்தாலும், ஒழுகல் அளவுக்கு மிஞ்சினால் அவையும் திணறும்.

கார்டுகள் தொழிற்சாலையிலிருந்து ஒரே மாதிரிதான் வருகின்றன. லைன்கள் அப்படி இல்லையே! பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடைக்கு அரைக் கிலோமீட்டர், மலையடிவார வீட்டுக்கு 5 கிலோமீட்டர். 0.5 மில்லிமீட்டர் கம்பி ஜோடியில் போய்வரும் மின்தடை கிலோமீட்டருக்குச் சுமார் 168 ஓம். கடைக்கு 84, மலை வீட்டுக்கு 840. வெளியே எந்த லைன் தொங்குகிறது என்பதைக் கார்டுக்குச் சொல்லத்தான் இந்த விசைகள். சில விசைகள் போலி லைன் 600 ஓமா, வேறு வகையா என்று தேர்ந்தெடுக்கும். சில விசைகள் பெருக்கத்தை, அதாவது குரலை எவ்வளவு உரக்கமாக்குவது என்பதை, அமைக்கும்: 1, 2, 4, 8 டெசிபெல் என்று இருந்தால், 1-ஐயும் 4-ஐயும் போட்டால் 5.

இங்கேதான் ஆசை கெடுக்கிறது. குரல் சன்னமாக இருக்கிறது என்று புகார் வந்ததும் பெருக்கத்தைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் ஒழுகலும் சேர்ந்தே பெருகும். இரு முனையிலும் கூட்டிவிட்டால், ஒழுகிய ஒலி சுற்றிச்சுற்றி வளர்ந்து லைனே ஊளையிட ஆரம்பிக்கும். என்னைக் கேட்டால், போலி லைனைச் சரிபார்க்காமல் பெருக்கத்தில் கை வைக்கவே கூடாது.

விசை ஒவ்வொன்றும் நெல்மணி அளவுதான். பென்சிலால் தள்ளாதீர்கள், கரித்தூள் மின்சாரம் கடத்தும். விசைகள் பதிந்த ஒரு கட்டையில் 'ஆன்' என்று அச்சிட்டிருக்கும், இன்னொன்றில் எதிர்ப்பக்கத்தில் 'ஓப்பன்' என்றிருக்கும். அது சுற்று திறந்திருக்கிறது, அதாவது ஆஃப் என்று பொருள். தள்ளியும் மாற்றம் தெரியவில்லையென்றால் பதற வேண்டாம். பல கருவிகள் மின்சாரம் போட்ட அந்த நொடியில் மட்டுமே விசைகளைப் படிக்கும், ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். அந்தக் கார்டில் யாரும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.