நாடுகாணிச் சுரமும் வேலா பல்சரும்

வழிக்கடவில் ஒரு ஜீப்பும் ஒரு சரக்கு லாரியும் ஒன்றாகக் கிளம்பி நாடுகாணிச் சுரம் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஜீப் முந்திவிடும். லாரி முக்கி முனகிப் பின்னால் வரும். ஏற்றம் நீள நீள இடைவெளியும் கூடும். கூடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊட்டியை அடுத்த முத்தோரையில் பல்சர்களைக் கவனிப்பவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கும் இதுதான்.

வெடித்துப்போன பெரிய விண்மீனின் மிச்சம்தான் பல்சர். சூரியனைவிட அதிக எடை, குறுக்களவோ சுமார் 20 கிலோமீட்டர். அது சுழலும்போது அதன் ரேடியோ கற்றை, கலங்கரை விளக்கின் ஒளி போல, சுற்றுக்கு ஒருமுறை நம்மைத் தொட்டுப் போகும். 1967-இல் ஜோஸ்லின் பெல் கண்ட முதல் பல்சர் 1.337 விநாடிக்கு ஒருமுறை துடித்தது. வேலா என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள வேலா பல்சர் விநாடிக்கு 11 முறை துடிக்கிறது.

1970-இல் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டிய முத்தோரை ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகையும் 11 பாகை, அந்த மலைச்சரிவும் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்மீனை மணிக்கணக்கில் தொடரலாம். இப்படி ஒரு சரிவைத் தேடிப் பிடித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான்.

அதில் 1056 ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. நீண்ட வரிசையில் செண்டை கொட்டும்போது ஓரத்தில் நிற்பவருக்கு அடிகள் சற்று முன்பின்னாகத்தான் கேட்கும். இங்கே, வேண்டிய திசைக்கு ஏற்ப ஒவ்வொரு ஆன்டெனாவின் சிக்னலையும் இம்மியளவு தாமதித்துக் கூட்டுகிறார்கள். அந்தத் திசையிலிருந்து வருவது ஒரே அடியாக விழும்.

சரி, சுரத்துக்கு வருவோம். விண்மீன்களுக்கு நடுவே திரியும் எலக்ட்ரான்கள் குறைந்த அதிர்வெண் அலைகளை அதிகம் தாமதப்படுத்தும். அவைதான் லாரி. ஊட்டியில் கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகள். 16 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள்ளேயே வேலாவின் துடிப்பு கால் விநாடி இழுபட்டுவிடும். அதற்குள் பல்சர் கிட்டத்தட்ட மூன்று சுற்றை முடித்திருக்கும். அப்படியே கூட்டினால் துடிப்பே தெரியாது. எனவே அலைவரிசையை மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தாமதத்தையும் கழித்த பிறகே சேர்ப்பார்கள்.

அப்புறம் நேரம் பார்ப்பது. ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு வடிவில் வரும். ஆயிரக்கணக்கில் அடுக்கிச் சராசரி எடுத்தால் நிலையான வடிவம் கிடைக்கும். அது வந்து சேர்ந்த கணத்தை அணுக் கடிகாரத்தின் துல்லியத்தில் குறிப்பார்கள். பூமி சூரியனைச் சுற்றுவதால் துடிப்பு எட்டு நிமிடம் வரை முந்தியோ பிந்தியோ வரலாம். ஆகவே சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு வந்திருந்தால் எப்போது வந்திருக்கும் என்று மாற்றிக் கணக்கிடுவார்கள். ஒரு சுற்றைக்கூடத் தவறவிடாமல் எண்ணுவதுதான் இந்த வேலையின் உயிர். வேலா சில சமயம் திடீரென்று வேகமெடுப்பதும் இப்படி எண்ணுவதால்தான் பிடிபடுகிறது.

2023 ஜூனில் ஐரோப்பியக் குழுவும் இந்தியக் குழுவும் 25 பல்சர்களின் நேரக் கணக்கிலிருந்து மிக நீண்ட ஈர்ப்பலைகளுக்கான, அதாவது வெளியையும் காலத்தையுமே நெளியவைக்கும் அலைகளுக்கான, சான்றை வெளியிட்டன. இந்தியத் தரவு புணே அருகே தலா 45 மீட்டர் அகலமுள்ள 30 தட்டுகள் கொண்ட தொலைநோக்கி வரிசையிலிருந்து வந்தது. நடுவிலுள்ள எலக்ட்ரான்களின் அளவு நாளுக்கு நாள் மாறும். குறைந்த அதிர்வெண்ணில் தாமதம் பெரிதாக இருப்பதால் அந்த மாற்றத்தை அங்கே நுணுக்கமாக அளக்க முடிந்தது. பின்தங்கி வரும் லாரியை அளந்துதான் ஜீப்பின் நேரத்தையும் திருத்தினார்கள்.